மூன்று ரிவர்ஸ் கியர்

என் கல்யாணத்துக்கு நான் முதுகைக் காட்டிக்கொண்டு போனேன் என்று கோட்டாற்றில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. அது பச்சைப் பொய். கார்தான் முதுகைக் காட்டிக்கொண்டு போனது. நான் அதற்குள் பின்சீட்டில் முழங்கால் போட்டு, போகிற திசையைப் பார்த்தபடி, தலைப்பாகை பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒழுங்காகத்தான் போனேன். விஷயம் தெரியாதவன் வாயை அடைக்க முடியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் சுயம்புலிங்கம் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அண்ணன். எங்கள் பக்கத்தில் முன்காலத்தில் சொத்தும் அதிகாரமும் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். அந்த மருமக்கள்வழியைச் சட்டம் போட்டு ஒழித்து, நான் சொல்கிற காலத்தில், கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நாஞ்சில் நாடு முழுக்க அந்தச் சேதி போய்ச் சேர்ந்தது. எங்கள் மாமாவுக்கு மட்டும் சேரவில்லை. அப்பா இல்லாத வீட்டில் என் படிப்பு, என் வேலை, நான் எந்தக் கிழமை முடிவெட்டிக்கொள்ள வேண்டும் என்பது வரைக்கும் அவர் அதிகாரம்தான். நானும் "சரி மாமா" என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே முப்பது வயதைத் தாண்டிவிட்டேன்.

மாமாவுக்குச் சகுனம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். எனக்கு முதலில் பார்த்த பெண், நாங்கள் போகிற வழியில் விறகுக்கட்டு எதிரே வந்ததால் கைவிட்டுப் போனாள். அடுத்த பெண்ணின் தகப்பனார், வெற்றிலை மாற்றுகிற நேரத்தில் தும்மிவிட்டார். பாவம், அவருக்கு ஜலதோஷம். மாமா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். தும்மலுக்குத் தப்பி, விறகுக்குத் தப்பி எனக்கு ஒரு கல்யாணம் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கே போய்விட்டது.

அப்படி இருக்கும்போதுதான் தெரிசனங்கோப்பு நீலகண்டபிள்ளையின் ஒரே மகள் அழகியநாயகியின் ஜாதகம் வந்தது. நீலகண்டபிள்ளை மனைவியை இழந்தவர். வயல் இருந்தது, ஒரு காரும் இருந்தது. மலைப்பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சுதந்திரம் வந்த வருஷம் கப்பலேறியபோது விற்றுவிட்டுப் போன பழைய ஃபோர்டு. மேல்கூரையைப் பின்னால் மடக்கி வைத்துக்கொள்ளலாம். காரில் மாப்பிள்ளையை அழைத்துப்போவதாக அவர் சொன்னதும் மாமாவின் முகம் மலர்ந்தது.

நிச்சயத்தன்றைக்கு மாமா தன் நிபந்தனைகளை வரிசையாகச் சொன்னார். கடைசியில், "பெண்ணு கல்யாணம் முடிஞ்சு புறப்படும்போது திரும்பிப் பாக்கப்படாது. திரும்பிப் பாத்தவ திரும்பி வந்திருவா," என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஒரே ஒரு தடவை பாத்தா என்ன? அப்பா ஒத்தைக்கு நிப்பாருல்லா."

கல்யாணப் பெண் வாயைத் திறக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் அன்றைக்கு இல்லை. மாமா, "ஒரு தடவையும் கூடாது," என்றார். நீலகண்டபிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்தக் குரல் பிடித்துப்போனது. இந்தப் பெண்ணைத்தான் கட்ட வேண்டும் என்று அந்த நிமிஷமே மனசுக்குள் முடிவு செய்தேன். ஆனால் வெளியே ஒன்றும் சொல்லவில்லை. என் வாய் நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் இருந்தது.

கல்யாணம் ஆவணியில், ஒரு திங்கட்கிழமை. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ஸ்டேட்டாக இருந்த காலம். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் காரின் பின் அச்சில் அரிசி அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. கோட்டாற்றில் செல்வதாஸ் என்பவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. நீலகண்டபிள்ளை காரை அவரிடம் விட்டார். ஏற்பாடு இதுதான்: செல்வதாஸ் பழுது பார்த்து, திங்கட்கிழமை காலையில் அவரே என்னையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு தெரிசனங்கோப்பு வர வேண்டும். மற்ற உறவுக்காரர்கள் முதல் நாளே பஸ்ஸில் போய்விடுவார்கள். மாமாவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. தினமும் ஒரு தடவை குடையை ஊன்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார்.

திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் பிறக்கும். பத்தரைக்கு எமகண்டம். அதற்குள் தாலி கட்டியாக வேண்டும். ஏழரைக்கு முன்னால் புறப்பட்டுவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை என்று மாமா கணக்குப் போட்டிருந்தார். நான் பட்டுவேட்டி, தலைப்பாகை, கழுத்தில் மாலை சகிதம் மாமாவோடு ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றேன். காருக்கும் மாலை போட்டு, சந்தனம் வைத்திருந்தார்கள். எங்கள் இரண்டு பேரில் கார்தான் பார்க்க லட்சணமாக இருந்தது.

செல்வதாஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். எஞ்சின் இனிமையாக முனகியது. "கேட்டேளா அண்ணாச்சி, பூனைக்குட்டி கணக்கா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே முதல் கியரைப் போட்டார். கார் பின்னால் போனது. பின்னால் சாயாக்கடை. பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து ஓடினார்கள். செல்வதாஸ் பிரேக்கைப் போட்டு, கியர் கம்பியை ஒரு தடவை நன்றாகப் பார்த்து, இரண்டாம் கியரைப் போட்டார். கார் இன்னும் வேகமாகப் பின்னால் போனது. பெஞ்சு முறிந்தது.

"என்னவே இது?" என்றார் மாமா.

"அண்ணாச்சி, செத்த பொறுங்க."

"வண்டி பின்னால போவுதுவே."

"அது எனக்கும் தெரியுது."

செல்வதாஸ் கம்பியை ரிவர்ஸில் போட்டார். கார் முன்னால் வந்தது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே போய்ப் படுத்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு ஞானம் இருந்தது.

"பின்னால அந்த உருண்டைப் பெட்டிக்குள்ள ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கு அண்ணாச்சி. அது இடது பக்கம் இருக்கணும். இப்பம் வலது பக்கம் இருக்கு. அதனால எல்லாம் தலைகீழாப் போச்சு."

"மாட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்பம் நீருதானே தப்பு."

"நான் எப்பிடித் தப்பாவேன்? பரத்தி வச்சது பரத்தி வச்சபடி எடுத்து மாட்டினேன். வருஷக்கணக்கா அப்பிடித்தான் மாட்டுகேன்."

பரத்தி வைத்தது என்றால் வாழையிலையில். செல்வதாஸின் ஒர்க்‌ஷாப்பில் மேசை கிடையாது. கழற்றுகிற சாமான்களை ஒரு பெரிய தலைவாழையிலையில் பரப்பி வைப்பார். கோட்டாறு சந்தையில் இலைக்குப் பஞ்சமில்லை. இலையில் மண் ஒட்டாது, எண்ணெயும் ஊறாது, வேலை முடிந்தால் தூர எறிந்துவிடலாம். வண்டியின் இடப்பக்கம் இருந்த சாமான் இலையின் இடப்பக்கம், வலப்பக்கத்துச் சாமான் வலப்பக்கம். மாட்டும்போது இலையைக் கால்மாட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டு அதே மாதிரி மாட்டுவார். இதைவிடச் சுலபமான முறை உலகத்தில் இல்லை என்பது அவர் அபிப்பிராயம்.

"உடனே சரியாக்கும்," என்றார் மாமா.

"ஒரு முழுப் பகல் வேணும்."

"அப்பம் வேற வண்டி பிடியும்."

அன்றைக்கு ஊரில் எத்தனையோ கல்யாணம். டாக்சி என்று பேர் சொல்லிக்கொண்ட எதுவும் ஸ்டாண்டில் இல்லை. மாமா குடையால் தரையைக் குத்தினார். விறகுக்கட்டு எதிரே வந்ததற்கே ஒரு கல்யாணம் நின்றது. மாப்பிள்ளைக் கார் பின்னால் போவதற்கு என்ன தண்டனையோ!

செல்வதாஸ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணு சொல்லுகேன் அண்ணாச்சி. வேற எந்த வண்டியை எடுத்தாலும் பின்னால போக ஒரே ஒரு கியர்தான் உண்டும். இதுல மூணு இருக்கு. இப்பிடி ஒரு வண்டி திருவனந்தபுரம் அரண்மனையிலகூடக் கிடையாது," என்றார். அதை ஒரு குறையாக அவர் பார்க்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் புரிந்தது. "பின்னால ஓட்டினா அரை மணி நேரத்துல பந்தல்ல கொண்டு விட்டிருவேன்."

"மாப்பிள்ளை முகத்தைக் காட்டி வரணும்வே. பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு வாறதுக்கு இவன் என்ன பொணமா? முன்னாலதான் போகணும். முன்னால போறதுக்கு ஒரு கியர் இருக்குல்லா, அதுல விடும்."

"அது ரிவர்ஸ் கியர் அண்ணாச்சி. நடக்கியவன் வேகம்தான் வரும்."

"நடந்தா முகூர்த்தத்துக்குப் போயிரலாம். விடும்."

இதற்குள் ஏழரை நெருங்கிவிட்டது. மாமா எங்களை அவசரமாக ஏறச் சொன்னார். ராகுகாலம் பிறக்குமுன் சக்கரம் உருண்டுவிட்டால் புறப்பட்ட கணக்கில் சேர்ந்துவிடும் என்பது அவர் சாஸ்திரம். பெஞ்சு முறிந்த கோபத்தில் இருந்த சாயாக்கடைக்காரர் நஷ்டம் கேட்டுக்கொண்டே காரின் முன்னால் வந்து நின்றார். அவரை விலக்கி, கார் ரிவர்ஸ் கியரில் முன்னால் நகர்ந்தபோது, மணிக்கூண்டில் அரை மணி அடித்தது. "அடிக்கதுக்கு முன்னாலயே நகந்தாச்சு," என்றார் மாமா திருப்தியாக.

வடசேரி தாண்டும் வரைக்கும் எனக்கு உயிர் இருந்தது. அதற்கப்புறம் வெட்கத்தில் பாதி போய்விட்டது. எஞ்சின் ஊரையே கூட்டுகிற மாதிரி அலறியது. கார் மட்டும் அசைந்து அசைந்து போனது. முதலில் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டினார். பிறகு ஒரு வைக்கோல் வண்டி தாண்டியது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "மாப்பிளே, முகூர்த்தம் இன்னைக்கா நாளைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். புத்தேரியில் தலையில் பானை வைத்திருந்த ஒரு அம்மாள் எங்கள் கூடவே பேசிக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரத்தில், "எனக்கு நேரமாச்சு, நான் போறேன்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்து போய்விட்டாள்.

இறச்சகுளத்தில் காரின் முன்மூடியிலிருந்து ஆவி பீறிட்டது. செல்வதாஸ் ஓரமாக நிறுத்தினார். ரேடியேட்டர் கொதித்துக் குமுறிக்கொண்டிருந்தது. வழியில் பாதிகூட வரவில்லை. நேரம் பார்த்தேன். ஒன்பது அடிக்கப் போகிறது.

மாமா காரை விட்டு இறங்கி, குடையை விரித்து, ரோட்டோரத்துப் பூவரசு மரத்தடியில் நின்றார். அந்த நிற்றல் எனக்குத் தெரியும். தும்மின வீட்டிலும் இப்படித்தான் எழுந்து நின்றார்.

"மக்கா பகவதியப்பா," என்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "பெஞ்சு முறிஞ்சுது, ஒண்ணு. புறப்படும்போது ஒருத்தன் குறுக்க நின்னு நஷ்டம் கேட்டான், ரெண்டு. இப்பம் தண்ணி கொதிச்சு நிக்குது. மூணாச்சு. நாம கோட்டாறுக்கே திரும்பிருவோம். நீலகண்டபிள்ளைக்கு ஆளனுப்பிச் சொல்லிக்கிடலாம். உனக்கு வேற பெண்ணு பாப்போம்."

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாலையும் தலைப்பாகையுமாக நின்றுகொண்டு நான் அழப் பார்த்தேன். அங்கே பந்தலில் அவள் மணவறையில் உட்கார்ந்திருப்பாள். அவள் அப்பா வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பார். நான் இங்கே ரோட்டோரத்தில் நின்று "சரி மாமா" என்று சொல்லப்போகிறேன். சொல்லியும் இருப்பேன், செல்வதாஸ் குறுக்கே புகாமல் இருந்திருந்தால்.

அவர் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். கல்யாணம் நிற்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. தன் வேலைக்குக் கெட்ட பேர் வருகிறதே என்றுதான் அவருக்கு ஆத்திரம்.

"அண்ணாச்சி, நீங்க என்ன சொன்னாலும் சரி, என் வேலையில பிழை கிடையாது. சனிக்கிழமை கழத்தினேன். இலையை விரிச்சு, நுனியை வலது கைப்பக்கம் வச்சு, ஒண்ணொண்ணா பரத்தினேன். இப்பமும் கண்ணுல நிக்குது. ஞாயித்துக்கிழமை காலம்பற கோயிலுக்குப் போயிட்டு மத்தியானம் வந்து மாட்டினேன். இலை அப்பிடியே கெடந்துது. நுனி..." அவர் நிறுத்தினார். கையிலிருந்த தண்ணீர்ச் சட்டியைக் கீழே வைத்தார். "நுனி இடது கைப்பக்கம்லா கெடந்துது."

மாமா தொண்டையைக் கனைத்தார். "பின்ன? நுனியை வலது கைப்பக்கம் வச்சு எவனாவது இலை போடுவானா? சாவு வீட்டுலதான் அப்பிடிப் போடுவான்."

"அண்ணாச்சி, அது சாப்பாட்டு இலை இல்ல. இரும்பு வச்ச இலை."

"இலை இலைதான். கல்யாண வண்டிச் சாமானை சாவு வீட்டு இலையில வச்சிருக்கேரேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. நல்லவேளை நான் ஞாயித்துக்கிழமை வந்து பாத்தேன்."

செல்வதாஸின் குரல் இறங்கியது. "வந்து பாத்து?"

"திருப்பி வச்சேன்," என்றார் மாமா. அதோடு விட்டிருக்கலாம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு சாமான்கூட நகரல்லவே. ரெண்டு கையாலயும் இலையைப் பிடிச்சு அவ்வளவு பைய திருப்பினேன்."

செல்வதாஸ் கார்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். மாமா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் போன விஷயம் அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் குடையை மடக்கினார்.

"நான் இறங்கி நடக்கேன்," என்று செல்வதாஸ் எழுந்தார். "நடந்தே பந்தலுக்குப் போறேன். அங்க எல்லார் முன்னாலயும் சொல்லுகேன், யாரு தப்புன்னு."

"சம்பந்திமார் முன்னாலயா?" என்றார் மாமா. அவர் குரல் நடுங்கி அன்றைக்குத்தான் கேட்டேன்.

எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. விறகுக்கட்டு, தும்மல், முடிவெட்டுகிற கிழமை எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இந்த மனிதர் இலையை மட்டுமா திருப்பினார்? எனக்கு முன்னால் இருந்ததையெல்லாம், ஒரு சாமான்கூட நகராமல், இத்தனை வருஷமாக இவர்தானே பையத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்! எனக்கு வந்த கோபத்துக்கு முன்னால் ரேடியேட்டர் ஒன்றுமில்லை.

"மாமா," என்றேன். "நீங்க வண்டியில ஏறுகேளா, இல்ல கோட்டாறுக்கு நடக்கேளா?"

"லே, என்ன சொல்லுக?"

"நான் கல்யாணத்துக்குப் போறேன். வண்டி முன்னால போவுதோ பின்னால போவுதோ, அது எனக்குத் தெரியாது. இன்னைக்கு நான் அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன். செல்வதாஸ் அண்ணாச்சி, நீங்க யார் தப்புன்னும் சொல்ல வேண்டாம். எங்க மாமாவும் உங்க வேலையைப் பத்திக் குறை சொல்ல மாட்டாரு. சம்மதமா?"

செல்வதாஸ் மாமாவைப் பார்த்தார். மாமா மரத்தைப் பார்த்தார்.

"அவரு வாயால சொல்லட்டும்."

"குறை ஒண்ணும் இல்ல," என்றார் மாமா மரத்திடம்.

"அப்பம் நானும் இலையைப் பத்தி மூச்சு விடமாட்டேன்."

பக்கத்துக் களத்தில் காரைத் திருப்பி, அதன் பின்பக்கத்தைத் தெரிசனங்கோப்புக்கு நேராக வைத்தார் செல்வதாஸ். மேல்கூரையை மடக்கினோம். நான் பின்சீட்டில் முழங்கால் போட்டு, போகிற திசைக்கு முகத்தைத் திருப்பினேன். மாமா முழங்கால் போட மறுத்துவிட்டார். கால்மேல் கால் போட்டு நேராக உட்கார்ந்தார். அதனால் விட்டுவந்த ரோடு அத்தனையும் அவர் கண்முன்னால் நீண்டுகொண்டே போனது. செல்வதாஸ் கழுத்தை முழுக்கத் திருப்பி, எங்கள் இரண்டு பேர் தலைக்கும் நடுவே பார்த்து, மூன்றாம் கியரைப் போட்டார்.

அந்த ஓட்டத்தை என்னால் சொல்ல முடியாது. வைக்கோல் வண்டியைத் தாண்டினோம். வண்டிக்காரர் கும்பிட்டார். பானைக்கார அம்மாளைத் தாண்டினோம். அவள் பானையைப் போட்டுவிட்டாள். பூதப்பாண்டி வளைவில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார். கொல்லம் பக்கத்து ஆள், பேச்சு மலையாளம். காரை முன்னாலும் பின்னாலும் சுற்றிவந்து பார்த்தார்.

"நிங்ஙள் போகுன்னதோ வருன்னதோ?" என்றார்.

"போறோம்," என்றேன்.

"முகம் கண்டால் வருன்னதாணல்லோ," என்று காரின் முன்பக்கத்தைக் காட்டினார்.

"சாரே, இடது பக்கமாத்தானே போறோம்? இதுல சட்டம் என்ன சொல்லுது?" என்று கேட்டார் செல்வதாஸ்.

பின்னால் போகிறவனுக்கு இடது எது என்பதில் போலீஸ்காரருக்குக் குழப்பம். தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார், காருக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தார். கடைசியில் என் மாலையைப் பார்த்து மனம் இளகி, "கல்யாணமாணு, பொய்க்கோ," என்று போகச் சொல்லிவிட்டார்.

பந்தல் வாசலில் நாதஸ்வரக்காரர்கள் காரின் முன்னால் நிற்பதற்காகத் தயாராக இருந்தார்கள். கார் முதுகைக் காட்டி வந்ததும், முன்பக்கம் எது என்று தேடி ஓடி, எனக்குப் பின்னால் போய் நின்று வாசித்தார்கள். ஆலத்தித் தட்டோடு வந்த பெண்கள் பாதிப்பேர் செல்வதாஸுக்கு ஆலத்தி சுற்றினார்கள். கழுத்தைத் திருப்ப முடியாமல் அவரும் அப்படியே ஏற்றுக்கொண்டார். நீலகண்டபிள்ளை ஓடிவந்தார்.

"என்னவே செல்வதாசு இது? என் மானத்தை வாங்கிட்டேரே!"

செல்வதாஸ் வாயைத் திறந்தார். மாமா அதற்கு முன்னால் காருக்குள் எழுந்து நின்று குடையைத் தூக்கினார்.

"சம்பந்தி! வண்டிக்காரர்மேல ஒரு தப்பும் இல்ல. இது எங்க குடும்ப வழக்கம். எங்க வீட்டுக் கல்யாண வண்டி எல்லாம் இப்பிடித்தான் போகும். முன்னோர் காலம் தொட்டே."

முன்னோர் காலத்தில் கார் ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு வழக்கம் என்றால் கேள்வி கிடையாது. நீலகண்டபிள்ளை கைகூப்பினார். பத்தரைக்கு முன்னால் தாலி கட்டினேன். மாமா பந்தியில் போட்டிருந்த இலைகளையெல்லாம் பார்த்தார். ஒரு இலையையும் தொடவில்லை.

மத்தியானம் நாங்கள் புறப்படுகிற நேரம் வந்தது. நீலகண்டபிள்ளை எப்படியோ ஆள் விட்டு நாகர்கோவிலிலிருந்து ஒரு டாக்சி கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். "மாப்பிள்ளைக்கு உள்ள வழக்கம் முடிஞ்சுதுல்லா. என் மக டாக்சியில போகட்டும். என் வண்டியைச் செல்வதாசு இங்க வச்சே சரியாக்கட்டும்," என்றார். மாமாவும் பெரிய மூச்சு விட்டுத் தலையாட்டினார்.

அழகியநாயகி டாக்சிக்குப் பக்கத்தில் போனவள் நின்றாள். ஃபோர்டைப் பார்த்தாள். பந்தல் காலில் சாய்ந்து கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த செல்வதாஸைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இந்த வண்டி போகும்போது சீட்டுல நேரா இருந்தா எந்தப் பக்கம் பாத்து இருப்போம்?"

செல்வதாஸ் யோசிக்கவில்லை. "விட்டுட்டுப் போற எடத்தைப் பாத்துத்தான் அம்மா. இந்த வீட்டைப் பாத்து."

"திரும்ப வேண்டாமா?"

"எதுக்குத் திரும்பணும்? நேரா இருந்தா போதும்."

அவள் மாமாவிடம் வந்தாள். குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டு எழுந்தாள். "மாமா, உங்க குடும்ப வழக்கப்படியே போறேன்," என்றாள்.

முன்னோர்களைக் காலையில் சாட்சிக்குக் கூப்பிட்டவர் மத்தியானம் எப்படி அனுப்பிவைப்பார்? மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. கார்க்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா தானாகவே போய் டாக்சியில் ஏறிக்கொண்டார்.

செல்வதாஸ் காரின் பின்பக்கத்தைக் கோட்டாற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினார். நாங்கள் இரண்டு பேரும் பின்சீட்டில் நேராக உட்கார்ந்தோம். கார் மெதுவாக நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் பந்தல், பந்தலின் வாசலில் குலைதள்ளிய வாழை, வாழைக்குப் பக்கத்தில் நீலகண்டபிள்ளை ஒற்றையாக நின்றார். மகள் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். கண்ணைத் துடைப்பதற்காகத் துண்டைத் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்றது. மகள் நேர் எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்தார், அழுதார், பிறகு அந்தத் துண்டைத் தூக்கி ஆட்டினார். அவளும் கையைத் தூக்கினாள். கழுத்தை ஒரு விரற்கடைகூடத் திருப்பவில்லை.

நானும் அவரைப் பார்த்தபடியே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது, இந்தத் தடவை மறைக்கவும் இல்லை. அவர் சின்னதாகிக்கொண்டே போனார். துண்டு மட்டும் வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது. டாக்சி எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அதில் மாமா முன்னால் பார்த்தபடி இருந்தார்.

ரோட்டின் வளைவு வரும்வரைக்கும் செல்வதாஸ் முதல் கியரை மாற்றவே இல்லை.